மேமோகிராம் எடுத்தால் தைராய்டு கெட்டுப்போகுமா? சிதறும் கதிர்களின் கணக்கு இதுதான்!

ஏலாக்குறிச்சியில் இருக்கும் ஓர் அம்மாவை நினைத்துக்கொள்வோம். வயது 52. மகள் சென்னையில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அம்மாவுக்குக் கட்டியோ வலியோ எதுவும் இல்லை. ஆனாலும் "அம்பது தாண்டிடுச்சு, ஒரு தடவை செக்கப் பண்ணிடும்மா" என்று மாதக்கணக்கில் நச்சரித்து, தஞ்சாவூரில் மேமோகிராமுக்கு நாள் வாங்கிவிட்டாள் மகள். முந்தைய நாள் ராத்திரி அம்மாவிடமிருந்து போன்.

"நாளைக்கு நான் போகலடி."

"ஏம்மா, என்னாச்சு?"

"வாட்ஸ்அப்புல வந்திருக்கு. அந்த மெஷின்ல எடுக்கும்போது கதிரு தெறிச்சு கழுத்துல படுமாம். தைராய்டுல கேன்சர் வந்துருமாம். கழுத்துக்கு ஈயப் பட்டை கேட்டு வாங்கிக் கட்டிக்கணுமாம், ஆனா தர மாட்டாங்களாம். இல்லாத வியாதிய நாமளே பஸ் ஏறிப் போய் வாங்கிட்டு வரணுமா?"

மகளிடம் உடனடியாகப் பதில் இல்லை. 'சும்மா எதையாவது நம்பாதம்மா' என்று திட்டலாம். ஆனால், அம்மா கேட்டது நியாயமான கேள்விதானே? எக்ஸ்-கதிர் என்றால் ஆபத்து என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தந்திருக்கிறார்கள். எக்ஸ்-ரே அறையில் வேலை பார்ப்பவர்கள் சுவருக்குப் பின்னால் போய் நிற்கிறார்கள். அப்படியிருக்க, கழுத்தை மட்டும் ஏன் திறந்து வைக்க வேண்டும்?

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், இந்தப் பயம் கற்பனை இல்லை. சுமார் 15 வருடங்களாக ஈமெயிலில் தொடங்கி சோஷியல் மீடியா வரை சுற்றிக்கொண்டிருக்கிறது. பயப்படுபவர்களைக் கிண்டல் செய்வதைவிட, கணக்கைக் காட்டுவதுதான் மரியாதை. கணக்கைப் பார்ப்போம்.

பயம் கிளம்பியது எங்கிருந்து?

2010-ல் அமெரிக்காவில் டாக்டர் மெஹ்மத் ஓஸின் பிரபலமான டி.வி. நிகழ்ச்சியில் பெண்களிடையே வேகமாக அதிகரிக்கும் தைராய்டு புற்றுநோய் பற்றிப் பேசப்பட்டது. அதையொட்டி ஒரு ஈமெயில் கிளம்பியது. 'பல் எக்ஸ்-ரேவுக்கும் மேமோகிராமுக்கும் போகும்போது தைராய்டு காலர் கேளுங்கள், உங்கள் தோழிகளுக்கும் அனுப்புங்கள்' என்பது அதன் சாரம். தைராய்டு காலர் என்பது ஈயம் வைத்துத் தைத்த கழுத்துப் பட்டை.

ஈமெயில் பரவிய வேகத்தில் மேமோகிராம் மையங்களில் பெண்கள் காலர் கேட்கத் தொடங்கினார்கள். 2011-ல் அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரியும் மார்பகப் படவியல் சங்கமும் சேர்ந்து விளக்க அறிக்கையே வெளியிட வேண்டியதாயிற்று.

தைராய்டு புற்றுநோய் எண்ணிக்கை கூடியது உண்மைதான். பல நாடுகளில் கூடியது. ஆனால் காரணம் என்ன? தென்கொரியாதான் இதற்குத் தெளிவான உதாரணம். அங்கே 1999-ல் தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. அதோடு சேர்த்து, குறைந்த கட்டணத்தில் கழுத்துக்கும் அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொள்ளும் பழக்கம் பரவியது. 1993-உடன் ஒப்பிட்டால் 2011-ல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படும் விகிதம் 15 மடங்கு ஆனது. ஆனால், அதனால் இறப்பவர்களின் விகிதம் ஏறவே இல்லை. தேடத் தேட, வாழ்நாள் முழுக்கத் தொந்தரவே தராத சின்னச் சின்னக் கட்டிகள் கிடைத்துக்கொண்டே இருந்தன. இத்தனைக்கும் அல்ட்ராசவுண்டில் எக்ஸ்-கதிரே கிடையாது. எண்ணிக்கையைக் கூட்டியது கதிர் இல்லை, தேடல்!

சரி, தைராய்டுக்கும் கதிர்வீச்சுக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. 1986 செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு, கதிரியக்க அயோடின் கலந்த பாலைக் குடித்த குழந்தைகளிடம் தைராய்டு புற்றுநோய் பெருமளவு கூடியது. வளரும் குழந்தைகளின் தைராய்டு கதிர்வீச்சை எளிதில் தாங்காது. ஆனால் வயது ஏற ஏற அந்த ஆபத்து வேகமாகக் குறைந்துவிடுகிறது. மேமோகிராம் எடுப்பது பெரும்பாலும் 40 வயது தாண்டியவர்கள். தவிர, செர்னோபில் குழந்தைகளின் தைராய்டுக்குப் போன அளவும், மேமோகிராமில் போகும் அளவும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடியவையே அல்ல.

சிதறும் கதிர் என்றால் என்ன?

இருட்டு அறையில் செல்போன் டார்ச்சை வெள்ளைச் சுவரில் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் நேராக விழுவது சுவரில்தான். ஆனாலும் உங்கள் முகமும் லேசாகத் தெரியும். சுவரில் பட்டு நாலாபக்கமும் சிதறிய வெளிச்சம் அது. எக்ஸ்-கதிரும் இதேபோலத்தான். உடலுக்குள் நுழையும் கதிர்களில் ஒரு பகுதி ஊடுருவிப் போய்ப் படம் ஆகிறது. ஒரு பகுதி உடலிலேயே உறிஞ்சப்படுகிறது. இன்னொரு பகுதி திசை மாறிப் பக்கவாட்டில் போகிறது. அதுதான் சிதறும் கதிர்.

ஆகவே 'கதிர் தெறிக்கும்' என்று அம்மா சொன்னது தப்பில்லை. தைராய்டு, கண் லென்ஸ், நெஞ்செலும்பில் இருக்கும் மஜ்ஜை, இன்னொரு பக்க மார்பகம், வயிற்றில் கருப்பை, சினைப்பை என எல்லாவற்றுக்கும் கொஞ்சம் போகத்தான் செய்யும். கேள்வி, 'எவ்வளவு' என்பதுதான்.

மேமோகிராம் மெஷினில் அந்த அளவை மூன்று விஷயங்கள் குறைக்கின்றன.

முதலாவது, கதிரின் பலம். மார்பகம் மென்மையான திசு. அதைப் படம் எடுக்க, மார்பு எக்ஸ்-ரேவுக்கு வேண்டிய அளவு பலமான கதிர் தேவையில்லை. பெரும்பாலும் 25 முதல் 32 கிலோவோல்ட் வரைதான் வைப்பார்கள். இந்தப் பலவீனமான கதிர், உடல் திசுவில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் போவதற்குள் பாதியாகக் குறைந்துவிடும். அடுத்த சென்டிமீட்டரில் அதிலும் பாதி. தோலுக்கு அடியில் ஆழமாக இருக்கும் உறுப்புகளைத் தொடுவதற்குள் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

இரண்டாவது, அழுத்தும் தட்டு. "அப்படியே நசுக்கிடுறாங்க" என்று மேமோகிராம் எடுத்த எல்லாரும் புகார் சொல்லும் அதே தட்டுதான். மார்பகம் தட்டையாக ஆக, கதிர் கடக்க வேண்டிய தடிமன் குறைகிறது. தடிமன் குறைந்தால் கதிரும் குறைவாகப் போதும், சிதறுவதும் குறையும். அந்தச் சில விநாடி வலிக்குப் பின்னால் இப்படி ஒரு லாபம் இருக்கிறது.

மூன்றாவது, தூரம். டார்ச் வெளிச்சம் சுவரிலிருந்து விலக விலக மங்குவது போல, சிதறும் கதிரும் தூரம் இரண்டு மடங்கானால் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்காகிவிடும். நேரடிக் கதிரோ, மார்பகம் வைக்கும் பலகையைத் தாண்டாத அளவுக்கு எல்லை கட்டித்தான் வருகிறது. கழுத்து அந்தப் பாதையிலேயே இல்லை.

எந்த உறுப்புக்கு எவ்வளவு?

கதிர்வீச்சுக்கு இரண்டு அளவுகள் சொல்வார்கள். ஓர் உறுப்பு உறிஞ்சும் அளவு மில்லிகிரே. அது உடல் முழுமைக்கும் என்ன பாதிப்பு என்று மாற்றிச் சொல்வது மில்லிசீவர்ட்.

- தைராய்டு: ஒரு மேமோகிராமில் 0.005 மில்லிகிரேவுக்கும் குறைவு. ஒட்டுமொத்த உடலின் ஆபத்தில் தைராய்டின் பங்கு 100-ல் 4 என்று சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்புக் குழு 2007-ல் வகுத்திருக்கிறது. பெருக்கிப் பார்த்தால் 0.0002 மில்லிசீவர்ட் வரும். மண், காற்று, உணவு, வானம் என இயற்கையிலிருந்து உலகில் ஒருவருக்குக் கிடைக்கும் சராசரிக் கதிர்வீச்சு வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட். அதாவது, சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தாலே ஒரு மணி நேரத்துக்குள் கிடைத்துவிடும் அளவு அது. அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி தன் அறிக்கையில் 'அரை மணி நேர இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமம்' என்று சொன்னது இதைத்தான்.

- கண்: படம் எடுக்கும்போது முகத்தை ஒரு பக்கம் திருப்பச் சொல்வார்கள். முகம் கதிரின் பாதைக்குள் வராமலிருக்க மெஷினிலேயே ஒரு தடுப்பு இருக்கும். கண்ணுக்கும் சிதறல் மட்டும்தான், அதுவும் மிகச் சொற்பம்.

- கருப்பை, சினைப்பை: கர்ப்பிணிக்கு அவசியம் ஏற்பட்டு மேமோகிராம் எடுத்தால்கூட, கருவுக்குப் போவது 0.001 முதல் 0.01 மில்லிகிரே வரைதான். கருவுக்குப் பாதிப்பு வரலாம் என்று மருத்துவர்கள் கவலைப்படத் தொடங்குவது 50 மில்லிகிரேவுக்கு மேல். கர்ப்பமாக இருந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆனால், தெரியாமல் எடுத்துவிட்டோமே என்று பதற வேண்டியதில்லை.

- மொத்த உடல்: இரு மார்பகங்களுக்கும் தலா இரண்டு படம் எடுத்தால் சுமார் 0.4 மில்லிசீவர்ட். ஏறக்குறைய இரண்டு மாத இயற்கைக் கதிர்வீச்சு.

இயற்கைக் கதிர்வீச்சு எல்லா ஊரிலும் ஒரே அளவு கிடையாது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரை மணலில் தோரியம் கொண்ட மோனசைட் கலந்திருக்கிறது. பக்கத்தில் கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கரையிலும் அப்படித்தான். சில இடங்களில் உலக சராசரியைவிடப் பல மடங்கு. கருநாகப்பள்ளியில் சுமார் 70 ஆயிரம் பேரைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009-ல் வெளியானது. அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவரவில்லை. கதிர்வீச்சு நல்லது என்று இதற்கு அர்த்தம் கிடையாது. ஒரு மேமோகிராமில் கழுத்துக்குத் தெறிப்பது எவ்வளவு சின்ன அளவு என்பதை இதை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

சின்ன அளவுதான்... இருந்தாலும் பட்டை கட்டினால் என்ன நஷ்டம்?

நல்ல கேள்வி. நஷ்டம் இருக்கிறது.

மேமோகிராமுக்குப் போனால் கழுத்தில் உள்ள செயினைக் கழற்றச் சொல்வார்கள். தாலிச் செயினைக் கழற்றத் தயங்கினால், பின்பக்கம் முதுகில் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். படத்துக்குள் உலோகம் விழுந்தால் அதற்குப் பின்னால் இருப்பது தெரியாது என்பதுதான் காரணம். ஈயப் பட்டை செயினைவிடப் பல மடங்கு பெரியது. சாய்வாக எடுக்கும் படத்தில் அக்குள் வரை பதிவாக வேண்டும். பட்டை இருந்தால் சரியாக நெருங்கி நிற்க முடியாது. அதன் ஓரம் படத்துக்குள் விழுந்தால், கட்டி ஒளிந்திருக்கும் இடமே மறைந்து போகலாம்.

அப்புறம் என்ன நடக்கும்? "இன்னொரு தடவை எடுக்கணும்மா" என்பார்கள். தைராய்டுக்குப் போகும் அந்தச் சொற்பத்தைத் தடுக்கப் போய், மார்பகத்துக்குப் போகும் நேரடிக் கதிர் ஒரு மடங்கு கூடிவிடும். அதனால்தான், கேட்டால் கொடுப்பது இருக்கட்டும், மேமோகிராமுக்குத் தைராய்டு காலர் பரிந்துரைப்பதே இல்லை.

கவசம் பற்றிய பார்வை உலகம் முழுக்க மாறியிருக்கிறது. நோயாளியின் இடுப்பில் வழக்கமாக ஈயக் கவசம் போடுவதை நிறுத்தலாம் என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019-ல் சொன்னது. அந்நாட்டின் கதிரியக்கப் பாதுகாப்புக் குழுவும் 2021-ல் அதையே பரிந்துரைத்தது. 2024-ல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும், பல் எக்ஸ்-ரேவுக்கு ஈய ஏப்ரனும் தைராய்டு காலரும் தேவையில்லை என்று அறிவித்தது. காலர் பேச்சைக் கிளப்பிய பல் எக்ஸ்-ரேவிலேயே இன்று காலர் இல்லை!

அப்படின்னா டெக்னீஷியன் மட்டும் ஏன் தடுப்புக்குப் பின்னால் நிற்கிறார்? நோயாளி ஒரு வருடத்திலோ இரண்டு வருடங்களிலோ ஒருமுறை வருகிறார். டெக்னீஷியன் தினமும் பல பேருக்கு எடுக்கிறார், வருடம் முழுக்க. அவருக்குச் சேரும் கணக்கே வேறு.

கவலைப்பட வேண்டிய கதிர் எது?

இதுவரை சொன்னதை வைத்து 'மேமோகிராமில் ஆபத்தே இல்லை' என்று முடித்தால் அதுவும் பாதி உண்மைதான். பேச வேண்டிய டோஸ், சிதறிப் போய்க் கழுத்தில் படுவது இல்லை. மார்பகத்துக்கே நேராகப் போவது.

ஒரு பரிசோதனையில் ஒவ்வொரு மார்பகமும் வாங்குவது சுமார் 3 முதல் 4 மில்லிகிரே. தைராய்டுக்குத் தெறிப்பதைப் போல 600 மடங்குக்கும் மேல். மார்பகமும் கதிர்வீச்சுக்கு எளிதில் பாதிப்படையும் உறுப்புதான். அதன் பங்கை 100-ல் 5 என்று வைத்திருந்த சர்வதேசக் குழு, 2007-ல் அதை 12 ஆக உயர்த்தியது.

இதையும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 2016-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ஒரு லட்சம் பெண்கள் 40 முதல் 74 வயது வரை ஒவ்வொரு வருடமும் மேமோகிராம் எடுத்தால் என்ன ஆகும் என்று கம்ப்யூட்டர் மாதிரியில் பார்த்தது. கதிர்வீச்சால் 125 பேருக்கு மார்பகப் புற்றுநோய் உருவாகலாம், அதில் 16 பேர் இறக்கலாம். அதே பரிசோதனையால் தவிர்க்கப்படும் மரணங்கள் 968. இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை எடுத்தால் கதிர்வீச்சின் பங்கு இன்னும் குறையும். அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2024-ல் 40 முதல் 74 வயது வரை இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை என்று பரிந்துரைத்திருக்கிறது.

இதிலிருந்து இளம் வாசகர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வயது குறையக் குறைய மார்பகத்தின் மீது கதிர்வீச்சின் தாக்கம் கூடும். அதோடு இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில் படமும் தெளிவாக வராது. 25 வயதில், எந்த அறிகுறியும் இல்லாமல், பேக்கேஜில் இருக்கிறதே என்று மேமோகிராம் எடுப்பதில் லாபம் இல்லை. கட்டி தட்டுப்பட்டால், இந்த வயதில் டாக்டர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது அல்ட்ராசவுண்ட்தான். அம்மாவுக்கோ அக்காவுக்கோ சின்ன வயதிலேயே மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் கணக்கு வேறு. டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும்.

எண்களை எப்படிப் படிப்பது?

கதிர்வீச்சில் ஒரு எண்ணை மட்டும் தனியாகச் சொன்னால் பயமாகத்தான் இருக்கும். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின் உச்சத்தில், 'ஒரு சி.டி. ஸ்கேன் 300-400 மார்பு எக்ஸ்-ரேவுக்குச் சமம்' என்றார் அப்போதைய டெல்லி எய்ம்ஸ் இயக்குநர் ரன்தீப் குலேரியா. அது பழைய காலத்துக் கணக்கு, இன்றைய மெஷின்களில் அவ்வளவு கிடையாது என்று இந்தியக் கதிரியக்க மருத்துவர்கள் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது. எண்ணில் இரு தரப்பும் மோதிக்கொண்டாலும், குலேரியா சொல்ல வந்த விஷயம் முக்கியமானது. தேவையில்லாமல் சி.டி. எடுக்காதீர்கள் என்பது அது.

சாதாரணமாக ஒரு மார்பு சி.டி.யில் 6 மில்லிசீவர்ட் அளவுக்குப் போகலாம். சுமார் 15 மேமோகிராம்! அந்த சி.டி.யில் தைராய்டின் ஒரு பகுதியும் இரு மார்பகங்களும் நேரடிக் கதிரிலோ அதன் ஓரத்திலோதான் இருக்கின்றன. தேவை இருந்தால் சி.டி.யும் உயிர் காக்கும், தயங்கவே கூடாது. ஆனால் காய்ச்சலுக்கு சி.டி. எடுக்கும்போது வராத பயம், மேமோகிராமில் மட்டும் வருவது கணக்குக்கு ஒத்துவரவில்லை.

பட்டைக்குப் பதில் கேட்க வேண்டியவை

கதிரைப் பற்றிய அக்கறை தப்பில்லை. கேள்விகளைச் சரியான இடத்தில் கேட்க வேண்டும்.

1. மெஷினுக்கு அனுமதி இருக்கிறதா? இந்தியாவில் எக்ஸ்-ரே மெஷின்களைக் கண்காணிப்பது, 1983-ல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். மேமோகிராம் மெஷினுக்கும் அதன் அனுமதி வேண்டும். குறிப்பிட்ட கால இடைவெளியில் தரப் பரிசோதனையும் செய்ய வேண்டும். 'அனுமதி இருக்கா, கடைசியா எப்போ டெஸ்ட் பண்ணீங்க?' என்று கேட்பது உங்கள் உரிமை.

2. பழைய படங்கள் எங்கே? முந்தைய மேமோகிராம் கையில் இருந்தால், டாக்டர் ஒப்பிட்டுப் பார்த்து 'இது முன்னாடியே இருந்ததுதான்' என்று சொல்லிவிடுவார். கூடுதல் படமும் பயாப்ஸியும் மிச்சம். ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது, படங்களை சி.டி.யிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள்.

3. அன்றைக்குப் பவுடர் வேண்டாம். அக்குளிலும் மார்பிலும் பவுடர், டியோடரன்ட் எதுவும் போடாமல் போக வேண்டும். அதில் உள்ள துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளிகள் மாதிரி விழும். புற்றுநோயின் ஆரம்ப அடையாளமும் சில நேரம் அதே மாதிரி புள்ளிகள்தான். குழப்பம் வந்தால் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும்.

4. அழுத்தும்போது அசையாமல் இருங்கள். படம் கலங்கினால் மறுபடியும் எடுக்க வேண்டும். பெண் டெக்னீஷியன் வேண்டும் என்றால் நாள் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். கூச்சம் குறைந்தால் உடம்பும் இறுகாது.

5. எதற்காக எடுக்கிறோம்? 'இந்தப் படத்தால் என் சிகிச்சையில் என்ன மாறும்?' என்பது எந்த எக்ஸ்-ரேவுக்கும், எந்த ஸ்கேனுக்கும் கேட்க வேண்டிய கேள்வி. டாக்டர்கள் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

உண்மையான ஆபத்து தூரத்தில் இருக்கிறது

2022-ல் இந்தியாவில் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டதாகவும், சுமார் 98 ஆயிரம் பேர் அதனால் இறந்ததாகவும் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு. தாமதமாகத் தெரிவதுதான் இவ்வளவு மரணங்களுக்கு முக்கியக் காரணம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 0.9 சதவீதம்தான். நூறில் ஒருவர்கூட இல்லை.

இங்கே மேமோகிராம் மட்டும்தான் வழி என்றும் இல்லை. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் தொடங்கி 20 வருடங்கள் ஓர் ஆய்வை நடத்தியது. குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயது வரையிலான 1,51,538 பெண்கள். பாதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை கையால் தொட்டு மார்பகத்தைப் பரிசோதித்தார்கள். எக்ஸ்-கதிரே கிடையாது. 2021-ல் முடிவு வெளியானது. 50 வயதைத் தாண்டிய பெண்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்திருந்தது. 50-க்குக் கீழே அந்தப் பலன் தெரியவில்லை என்றாலும், கட்டிகள் முன்கூட்டியே கண்டறியப்பட்டன.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வீட்டு வாசலுக்கே வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிறது. 2023 நவம்பரில் ஈரோடு, திருப்பத்தூர், கன்னியாகுமரி, ராணிப்பேட்டை மாவட்டங்களில் வீடு தேடிப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைக்கும் திட்டமும் தொடங்கியது. நல்ல தொடக்கம். ஆனால், கையால் பார்த்ததில் சந்தேகம் என்று ஒரு பெண்ணை அனுப்பினால், அடுத்த படி பக்கத்தில் இருக்க வேண்டும். மெஷின், அதை இயக்கத் தெரிந்த டெக்னீஷியன், படத்தைப் படிக்க ஒரு கதிரியக்க மருத்துவர், ஒரு வாரத்துக்குள் ரிசல்ட். இதில் எது ஒன்று இல்லாவிட்டாலும் சங்கிலி அறுந்துவிடும்.

கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது ஏலாக்குறிச்சி. வீரமாமுனிவர் திருக்காவலூர் என்று அழைத்த ஊர். அரியலூர் மன்னருக்கு வந்த பிளவைக் கட்டியை அவர் குணப்படுத்தினார் என்று இன்றும் இங்கே கதை சொல்வார்கள். அந்த ஊரிலிருந்து இன்று ஒரு பெண் மேமோகிராம் எடுக்க வேண்டும் என்றால் ஒன்று அரியலூர் போக வேண்டும், இல்லை திருமானூர் வந்து ஆற்றைத் தாண்டித் தஞ்சாவூர் போக வேண்டும். ஒரு நாள் கூலி போகும். துணைக்கு வருபவரின் கூலியும் போகும். 2022 ஜனவரியில் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது இந்தத் தூரத்தைக் குறைப்பதற்கான வாய்ப்பு. மாவட்டத்தின் ஒவ்வொரு வட்டாரத்துக்கும், குறித்த தேதியில் மேமோகிராம் வண்டி வருவதும், ரிசல்ட் போனிலேயே தெரிவதும் சாத்தியமில்லாத விஷயங்கள் கிடையாது. கேட்க வேண்டியது ஈயப் பட்டையை இல்லை, இதை.

அதுவரை, தூரத்தில் இருக்கும் மகனும் மகளும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 'ஃபார்வர்டு எல்லாம் நம்பாதம்மா' என்று ஒரு வரியில் கட் பண்ணாமல், கணக்கைச் சொல்லலாம்.

"அம்மா, நீ சொன்ன மாதிரி கதிர் தெறிக்குறது நிஜம்தான். ஆனா நீ ஒரு மணி நேரம் திண்ணையில உக்காந்திருந்தா எவ்வளவு படுமோ, அதைவிடக் கம்மிம்மா. பட்டை கட்டுனா படம் மறைஞ்சு திரும்ப எடுக்கச் சொல்லுவாங்க. நாளைக்கு பவுடர் மட்டும் போடாத. செயினைக் கழட்டி வீட்டுல வச்சிட்டுப் போ. படத்தையும் மறக்காம கேட்டு வாங்கிக்க. நான் காலைல பஸ் ஏறும்போது போன் பண்றேன்."

இந்தப் பேச்சுக்கு ஆகும் நேரம் இரண்டு நிமிடம். கட்டி இருக்குமானால், அது பட்டாணி அளவில் தெரியவருவதா, எலுமிச்சை அளவில் தெரியவருவதா என்பதை அந்த இரண்டு நிமிடம் தீர்மானிக்கலாம்.